நெஞ்சில் தைமஸ் கட்டி, ரத்தத்தில் சிவப்பணு இல்லை: அம்மாவுக்கு ரெண்டு நோயா, ஒண்ணா?

புளியமரத்தெரு
வியாழன், இரவு 10.52

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு வயது 58. சர்க்கரை, பிரஷர் எதுவும் கிடையாது. ஆடிப்பெருக்குக்குக் காவிரிக்கரை வரை நடந்தே போய் வந்தவர், புரட்டாசி முதல் சனிக்கிழமை கோயில் படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் ரத்தம் பார்த்தோம். எச்பி (ஹீமோகுளோபின்) 7.4. போன வருசம் முகாமில் பார்த்தபோது 12 இருந்தது. "கீரை சாப்பிடுறதில்லையா?" என்று கேட்டு இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஒரு மாதம் தவறாமல் விழுங்கினார். மலம் கறுத்ததுதான் மிச்சம். திரும்பப் பார்த்தால் 4.4.

மூன்று யூனிட் ரத்தம் ஏற்றினார்கள், 7.3க்கு வந்தது. அடுத்த மாதம் மறுபடி 5.1. வயிற்றில் ரத்தக் கசிவு இருக்கும் என்று மேலேயும் கீழேயும் குழாய் விட்டுப் பார்த்தார்கள். சுத்தமாக ஒன்றுமில்லை. மூச்சு வாங்குகிறதே என்று எடுத்த எக்ஸ்ரேயில்தான் இதயத்துக்கு மேலே நிழல் மாதிரி ஏதோ தெரிந்தது. சி.டி. எடுத்தால் மார்பெலும்புக்குப் பின்னால் 6 செ.மீ. கட்டி. தைமோமா, அதாவது தைமஸ் என்ற சுரப்பியில் வரும் கட்டி போல இருக்கிறது என்கிறார்கள்.

ரத்தத்துறை டாக்டர், "இந்தக் கட்டிக்கும் உங்கம்மா ரத்தத்துக்கும் சம்பந்தம் உண்டும்மா" என்று சொன்னார். வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள், அதற்கு மேல் கேட்க முடியவில்லை. சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஆள் கேன்சர் ரத்தத்தில் பரவிவிட்டது என்கிறார்கள். அப்பா வாயே திறப்பதில்லை.

எனக்குத் தெரியவேண்டியது ரெண்டுதான். இது ஒரு நோயா, ரெண்டா? கட்டியை எடுத்தால் ரத்தம் ஊறுமா?

நாட்டுவழி
வியாழன், இரவு 11.20

சகோதரி, பயப்படாதீங்க. பீட்ரூட், மாதுளை, முருங்கைக்கீரை சூப் 48 நாள். எங்க பெரியம்மாவுக்கு 6ல இருந்து 11க்கு ஏறிச்சு. கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிங்க.

ஸ்லைடுக்காரன்
வெள்ளி, காலை 6.15

நான் ஆய்வகத்தில் 22 வருசமாக நுண்ணோக்கியோடு குடும்பம் நடத்துகிறவன். டாக்டர் இல்லை. ஆனால் புளியமரத்தெரு போட்ட எண்களைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது.

சிவப்பணு ஒன்றின் ஆயுள் சுமார் 120 நாள். தினமும் நூற்றுக்கு ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சாகும், அதே அளவு புதிதாக எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும். உற்பத்தி அடியோடு நின்றுபோனால் 12 எச்பி உள்ளவருக்கு ஒரு நாளைக்கு 0.1 இறங்கும். ஆடி 18லிருந்து புரட்டாசி தொடக்கம் வரை சுமார் 45 நாள்: 12லிருந்து 7.5. அம்மாவுக்கு 7.4. அதற்குப் பிறகு 30 நாள்: 4.4. எங்கேயாவது கசிந்திருந்தால் எண் இப்படி நூல் பிடித்த மாதிரி இறங்காது. ஆலை முழுசாக மூடிக் கிடக்கிறது என்று இதற்கு அர்த்தம்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மெஷின் வேண்டாம். ரெட்டிகுலோசைட் எண்ணிக்கை என்று ஒரு பரிசோதனை. மஜ்ஜையிலிருந்து நேற்றோ முந்தாநாளோ வெளியே வந்த இளம் சிவப்பணுக்கள் அவை. ரத்தத்தோடு நியூ மெத்திலீன் ப்ளூ சாயத்தைக் கலந்து, 37 டிகிரியில் கால் மணி நேரம் வைத்து, கண்ணாடியில் இழுத்துப் பார்த்தால் இளசுகளுக்குள் மட்டும் நீல நூல் சிக்குப் போலத் தெரியும். சாதாரண ஆளுக்கு 1000 அணு எண்ணினால் ஐந்திலிருந்து இருபத்தைந்து வரை வரும். ரத்தம் கசிந்து சோகை என்றால் மஜ்ஜை விழுந்தடித்து உற்பத்தி செய்யும், எண்ணிக்கை எகிறும். நான் ஒருமுறை 1000 எண்ணி, நம்பாமல் இன்னொரு 1000 எண்ணி, ஒன்றுகூடக் கிடைக்காமல் சாயம் கெட்டுப்போச்சோ என்று என் ரத்தத்தையே குத்தி எடுத்துப் போட்டுப் பார்த்தேன். சாயம் நன்றாகத்தான் இருந்தது. அந்த நோயாளிக்கும் கடைசியில் நெஞ்சில் கட்டிதான்.

அம்மாவுக்கு அந்த எண் எவ்வளவு வந்தது? வெள்ளையணு, தட்டணு எப்படி?

நாட்டுவழி ஐயா, கோபம் வேண்டாம். உங்கள் பெரியம்மாவுக்கு இரும்பு என்ற அரிசி இல்லை, வாங்கிப் போட்டதும் சோறு வெந்தது. இங்கே அரிசி மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, சமைக்கிற ஆள் இல்லை. ஏற்றுகிற ஒவ்வொரு யூனிட் ரத்தத்திலும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உள்ளே போகிறது. உடம்பு ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம்தான் இழக்கும், அதற்கு மேல் வெளியேற்ற வழியே கிடையாது. இந்த நிலையில் மேலும் இரும்பு கொடுத்தால் ஈரலிலும் இதயத்திலும் போய்ப் படியும்.

புளியமரத்தெரு
வெள்ளி, காலை 9.03

அண்ணா, கை நடுங்குகிறது. ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தேன். ரெட்டிகுலோசைட் 0.1 சதவீதம். வெள்ளையணு 6,800. தட்டணு 2 லட்சத்து 90 ஆயிரம். இந்த 0.1ஐ முதல் இடத்தில் யாருமே பார்க்கவில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகுதான் எழுதிக் கொடுத்தார்கள். இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையும் எடுத்துவிட்டார்கள். ஊசி குத்தினதைவிட உறிஞ்சினபோதுதான் உயிர் போச்சு என்றார் அம்மா.

மஜ்ஜை மாணவன்
வெள்ளி, இரவு 11.48

ரத்தநோய்த் துறையில் மேற்படிப்பு படிக்கிறேன். அம்மாவைப் பார்க்காமல் சிகிச்சை சொல்ல மாட்டேன், இந்த நோய் என்ன என்று மட்டும் சொல்கிறேன். ஸ்லைடுக்காரன் அண்ணன் ஏற்கெனவே பாதி வேலையை முடித்துவிட்டார்.

வெள்ளையணுவும் தட்டணுவும் சரியாக இருக்க, சிவப்பணு மட்டும் நின்றுபோவதற்குத் தூய சிவப்பணு வளர்ச்சியின்மை என்று பெயர். வார்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, பி.ஆர்.சி.ஏ. என்போம். மஜ்ஜையைப் பார்த்தால் மற்ற எல்லா வரிசையும் ஜம்மென்று இருக்கும், சிவப்பணுவின் தாய் அணுக்கள் மட்டும் துடைத்தெடுத்த மாதிரி காணாமல் போயிருக்கும். 1922இல் பால் காட்ஸ்நெல்சன் இதைத் தனி நோயாக எழுதினார். சில வருசத்திலேயே, 1928இல், தைமஸ் கட்டியோடு சேர்ந்து வந்த நோயாளியைப் பற்றிய குறிப்பு வந்துவிட்டது. ஆக, சம்பந்தம் கிட்டத்தட்ட நூறு வருசப் பழசு.

அந்தச் சுரப்பிக்கு என்ன வேலை என்று அப்போது யாருக்கும் தெரியாது என்பதுதான் வேடிக்கை. 1961இல் லண்டனில் ஜாக் மில்லர் பிறந்த எலிக்குஞ்சுகளின் தைமஸை எடுத்துவிட்டுப் பார்த்தார். அவற்றுக்கு நோய் எதிர்ப்பே இல்லாமல் போனது. அதுவரை அதை உதவாத மிச்ச உறுப்பு என்றே நினைத்தார்கள். இன்னும் கொடுமை, இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் குழந்தைகளின் "பெரிய" தைமஸ்தான் திடீர்ச் சாவுக்குக் காரணம் என்று சொல்லி எக்ஸ்கதிர் பாய்ச்சிச் சுருக்கினார்கள். குழந்தைக்கு அது பெரிதாக இருப்பதுதான் இயல்பு! அந்தக் குழந்தைகளில் பலருக்குப் பிற்காலத்தில் தைராய்டு புற்றுநோய் வந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் நெல் விவசாயம், அதனால் அப்படியே சொல்கிறேன். தைமஸ் ஒரு நாற்றங்கால். மஜ்ஜையிலிருந்து வரும் விதைகள் அங்கே டி அணுக்களாக, அதாவது நோயை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளையணுக்களாக முளைக்கின்றன. அதில் சொந்த உடம்பையே தாக்கக்கூடியவை நெல்லைப் போலவே நிற்கும் குதிரைவாலிப் புல். தைமஸ் அவற்றை அடையாளம் கண்டு பிடுங்கிவிடும். முளைத்ததில் நூற்றுக்கு ஐந்துகூட வெளியே போவதில்லை, அவ்வளவு கறார். தைமோமாவிலும் டி அணுக்கள் முளைக்கும், ஆனால் களையெடுப்பு ஒழுங்காக நடக்காது. களையும் நாற்றோடு சேர்ந்து வயலுக்குப் போய்விடும்.

அந்தக் களை எங்கே வேரூன்றுகிறதோ அதற்கேற்ற நோய். நரம்பும் தசையும் சேரும் இடத்தைத் தாக்கும் ஆன்டிபாடிக்கு வழி வைத்தால் தசை சோர்ந்துபோகும் மயஸ்தீனியா. தைமோமா உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்காவது இது வரும். சிவப்பணுவின் தாய் அணுக்களைத் தாக்கினால் பி.ஆர்.சி.ஏ., இது நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவு. ஆன்டிபாடி தயாரிக்கும் பி அணுக்களே இல்லாமல் போய் அடிக்கடி சளி, நிமோனியா என்று அவதிப்பட்டால் குட் நோய்க்குறி. ராபர்ட் குட் 1954இல் எழுதினதால் அந்தப் பெயர். "நல்ல" நோய் என்று நினைத்துவிடாதீர்கள், கூட்டத்தில் மோசமானது அதுதான். மூன்று வரிசையுமே வற்றிப்போகும் ஏபிளாஸ்டிக் அனீமியாவும் அபூர்வமாக வரும்.

ஆகவே முதல் கேள்விக்குப் பதில்: ஒரே நோய்தான், ரெண்டு முகம். கேன்சர் ரத்தத்தில் பரவினதல்ல. இதை அப்பாவிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

இன்னொன்று. பார்வோ பி19 என்ற வைரஸும் இதே தாய் அணுக்களைத்தான் பிடித்துத் தின்னும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு இதே படத்தை அச்சு அசலாகக் காட்டும். அதற்குச் சிகிச்சை வேறு. கட்டி கிடைத்துவிட்டதே என்று அந்தப் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது, எடுத்தார்களா என்று கேளுங்கள். பி19 ஏதோ ரகசிய எண் இல்லை, 1975இல் அதைக் கண்டபோது பரிசோதனைத் தட்டில் பி வரிசையில் 19ஆம் மாதிரி, அவ்வளவே.

இரண்டாவது கேள்விக்கு நாளை வருகிறேன். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

வடலி
சனி, காலை 5.30

பிள்ளை, அந்த ரெண்டாவது கேள்விக்கு நான் சொல்லுறன். நாங்கள் டொரோண்டோவில இருக்கிறம், ஊர் பருத்தித்துறைப் பக்கம்.

என்ர மனுசனுக்கு 2012இல தைமோமா எண்டு நெஞ்செலும்பைத் திறந்து எடுத்தவை. அப்ப ரத்தத்தில ஒரு பிழையும் இல்லை. முழுசா எடுத்தாச்சு, இனிப் பயமில்லை எண்டு நாங்களும் நிம்மதியா இருந்தம். 2019இல ஆள் வெளிறிப் போனார். வாசல் பனி (ஸ்னோ) வழிச்சுப் போட்டு வந்து கதிரையில இருந்தால் எழும்ப ஏலாது. எச்பி 5. நெஞ்சில ஸ்கான் எடுத்துப் பாத்தா ஒரு கட்டியும் இல்லை! ஏழு வருசத்துக்கு முந்தி எடுத்த கட்டிக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கும் எண்டு குடும்ப வைத்தியருக்கே பிடிபடேல்லை. நான்தான் பழைய கடதாசியைக் கொண்டுபோய் மேசையில வைச்சனான்.

ஆகவே, எடுத்தா ரத்தம் ஊறும் எண்டு மட்டும் நம்பி இருக்காதேங்கோ. எடுக்கவேணும், அது வேற கதை.

மஜ்ஜை மாணவன்
சனி, மதியம் 2.10

வடலி அக்கா சொன்னதை அப்படியே அடிக்கோடிடுகிறேன். நான் சொல்லவிருந்ததும் அதுதான்.

பழைய பாடப்புத்தகங்களில் கட்டியை எடுத்தால் பி.ஆர்.சி.ஏ. சரியாகிவிடும் என்ற தொனி இருக்கும். அறுவை மட்டுமே செய்து ரத்தம் நிலையாகத் திரும்பியவர்கள் குறைவு. 2008இல் ஜப்பானில் நாடு முழுக்கத் திரட்டி 41 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார்கள். அதில் 16 பேருக்கு இந்தச் சோகை வந்ததே தைமோமாவை எடுத்த பிறகுதான், அதுவும் பல வருசம் கழித்து. வடலி அக்காவின் கணவர் அந்த வரிசை.

நாற்றங்காலை உழுதுபோட்டாலும் வயலில் ஏற்கெனவே நட்ட களை நிற்கும் இல்லையா? டி அணுக்கள் வருசக்கணக்கில் வாழும். அவற்றை அடக்க மருந்து தனியாக வேண்டும். அதே ஜப்பான் ஆய்வில் சைக்ளோஸ்போரின் கொடுத்தவர்களில் கிட்டத்தட்ட எல்லாருக்கும் பலன் தெரிந்தது. ஸ்டீராய்டு மட்டும் என்றால் பாதிக்கும் குறைவு. பெரும்பாலும் மருந்தை நிறுத்த முடியாது, குறைத்துக் குறைத்து நீட்டுவார்கள்.

அப்படியானால் கட்டியை ஏன் எடுக்கவேண்டும்? கட்டி கட்டிதான். மெதுவாக வளர்ந்து நுரையீரல் உறை, இதய உறை, பெரிய ரத்தக்குழாய் என்று ஒட்டிக்கொள்ளும். ரத்தத்துக்காக அல்ல, நெஞ்சுக்காக எடுக்கிறோம். இதைக் குடும்பத்துக்கு முதலிலேயே சொல்லிவிட்டால் அறுவை முடிந்த மறுவாரம் "எச்பி ஏறலியே டாக்டர், ஏமாத்திட்டீங்களே" என்ற சண்டை வராது. பார்த்திருக்கிறேன்.

இமைச்சோர்வு
சனி, மாலை 4.37

மாணவர் தம்பி, ஒரு இடைச்செருகல். எனக்கு மயஸ்தீனியா, 11 வருசம். காலையில் நன்றாக இருக்கும், சாயங்காலம் இமை தானாகத் தொங்கும், பேருந்து எண் ரெண்டு ரெண்டாகத் தெரியும். அப்பளம் மெல்லவே தாடை ஓய்ந்துபோகும்.

புளியமரத்தெரு, அறுவைக்கு முன்னால் அம்மாவுக்கு மயஸ்தீனியாவுக்கான அசிட்டைல்கோலின் ஏற்பி ஆன்டிபாடி பார்த்தார்களா என்று கேளுங்கள். அறிகுறி ஒன்றும் இல்லாவிட்டாலும் பார்ப்பார்கள். தெரியாமல் மயக்கம் கொடுத்தால் அறுவை முடிந்து மூச்சுக்குழாயை எடுக்க முடியாமல் வெண்டிலேட்டரில் மாட்டிக்கொள்ளலாம்.

தரவுதாசன்
சனி, இரவு 9.15

எல்லாரும் சேர்ந்து தைமஸை எடுக்கச் சொல்கிறீர்கள். 2023 ஆகஸ்டில் அமெரிக்க ஆய்வு ஒன்று வந்ததே, படித்தீர்களா? பெரியவர்களுக்குத் தைமஸை எடுத்தால் ஐந்து வருசத்தில் இறந்தவர்கள் 8.1 சதவீதம், எடுக்காதவர்களில் 2.8. புற்றுநோயும் கிட்டத்தட்ட இரட்டிப்பு, 7.4க்கு 3.7. வயசானால் அது வெறும் கொழுப்பு, இருந்தாலும் ஒன்று இல்லாவிட்டாலும் ஒன்று என்று இவ்வளவு நாள் சொன்னவர்கள் இப்போது என்ன சொல்வார்கள்?

நாட்டுவழி
சனி, இரவு 9.22

அதைத்தான் நானும் சொன்னேன்.

மஜ்ஜை மாணவன்
ஞாயிறு, காலை 7.40

நீங்கள் சொன்னது மாதுளை சார் :)

தரவுதாசன், நல்ல கேள்வி. எண்களும் சரிதான், பாஸ்டனில் செய்த ஆய்வு. ஆனால் யாரை யாரோடு ஒப்பிட்டார்கள் என்று பாருங்கள். தைமஸ் இதயத்துக்கு முன்னால் போர்வை மாதிரி கிடக்கிறது. நெஞ்சைத் திறந்து அறுவை செய்யும்போது வழியை மறிக்கிறதே என்று நல்ல தைமஸையே வெட்டி எடுத்துவிடுவது உண்டு. தைமஸை எடுத்தவர்களையும், அதே மாதிரி நெஞ்சறுவை நடந்து தைமஸ் தப்பியவர்களையும்தான் ஒப்பிட்டார்கள். அதிலிருந்து தெரிவது, காரணமில்லாமல் அதைத் தொடாதே என்பது. 6 செ.மீ. கட்டி இருப்பவருக்கு அது பொருந்தாது.

ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். நாங்கள் படித்தபோதும் பெரியவர்களின் தைமஸைப் பற்றி ஒரே வரிதான்: பருவ வயதுக்குப் பிறகு சுருங்கிக் கொழுப்பாகும். சுருங்குகிறது, சாவதில்லை என்ற அடுத்த வரியை யாரும் எழுதவில்லை.

ஸ்லைடுக்காரன்
ஞாயிறு, காலை 8.02

கட்டியை முன்கூட்டியே ஊசி போட்டுப் பார்க்கச் சொல்கிறார்களா? எங்கள் இடத்தில் ஒரு சர்ஜன் அதற்கு ஒத்துக்கொள்ளவே மாட்டார்.

மஜ்ஜை மாணவன்
ஞாயிறு, காலை 8.30

முழுசாக எடுக்கக்கூடிய தைமோமா என்று ஸ்கேனிலேயே தோன்றினால் பொதுவாக ஊசி போடுவதில்லை அண்ணா. உறையோடு சேர்த்து எடுப்பதுதான் நோக்கம், உறையில் ஏன் ஓட்டை போடவேண்டும்? லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) சந்தேகம் இருந்தால் கதை வேறு, அப்போது சதை எடுத்துப் பார்த்தே ஆகவேண்டும்.

புளியமரத்தெரு
திங்கள், இரவு 10.05

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "பரவலியா?" என்று மூன்று தடவை கேட்டார். அப்புறம் எழுந்துபோய் வாசலில் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து வந்து சோறு போடச் சொன்னார். நாலு நாளில் முதல் தடவை.

டாக்டரிடம் பார்வோ கேட்டேன், எடுத்திருக்கிறார்கள், இல்லை என்று வந்திருக்கிறது. ஏற்பி ஆன்டிபாடி நாளைக்கு அனுப்புகிறார்கள். "யாரும்மா உனக்கு இதெல்லாம் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

நெறியாளர்
செவ்வாய், காலை 10.00

மருந்தின் அளவு கேட்டு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அளவு பற்றி இங்கே பேசவேண்டாம். இழை திறந்தே இருக்கும்.

புளியமரத்தெரு
நான்கு மாதம் கழித்து, ஞாயிறு மாலை 5.18

மறக்கவில்லை, எழுதத்தான் முடியவில்லை.

ஆன்டிபாடி கொஞ்சம் கூடுதலாகத்தான் வந்தது. நரம்பியல் டாக்டர் வந்து பார்த்து, மயக்க மருந்துக்காரர்களோடு பேசி, அதற்குத் தக்க ஏற்பாடு செய்துதான் உள்ளே கொண்டுபோனார்கள். இமைச்சோர்வு அக்காவுக்குக் கும்பிடு. ரத்தம் ஏற்றி எச்பியை 9க்குக் கொண்டுவந்த பிறகு அறுவை. கட்டி உறையோடு முழுசாக வந்துவிட்டது. ரிப்போர்ட்டில் ஏபி வகை, கட்டி எவ்வளவு பரவியது என்று சொல்லும் மசவோகா அளவில் இரண்டாம் நிலை என்று இருக்கிறது.

எச்பி ஏறவில்லை. நீங்கள் எல்லாரும் சொல்லிவைத்திருந்ததால் யாரும் பதறவில்லை. அத்தை மட்டும் "வெட்டி எடுத்தும் இப்படியா" என்று ஆரம்பித்தார், அப்பாவே நாற்றங்கால் கதையைச் சொல்லி உட்காரவைத்துவிட்டார். ஐந்தாவது வாரம் சைக்ளோஸ்போரின் தொடங்கினார்கள். அதற்கப்புறமும் இரண்டு தடவை ரத்தம் ஏற்றினோம். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை ரெட்டிகுலோசைட் 0.1லிருந்து 1.9க்கு வந்தது. லேப் பையன் எண்ணை இரண்டு தடவை வாசித்துக் காட்டினான். இப்போது எச்பி 10.2, ஏழு வாரமாக ரத்தம் ஏற்றவில்லை. மருந்தின் பக்கவிளைவுக்காகக் கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான பரிசோதனை), பிரஷர் இரண்டையும் விடாமல் பார்க்கிறார்கள், ஈறு லேசாக வீங்கியிருக்கிறது.

இப்போது வீட்டில் ஒரே சண்டைதான். கொல்லையில் ஒரு பம்பளிமாஸ் மரம் இருக்கிறது, அம்மா வைத்தது. இந்த வருசம் காய் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. அதைத் தின்றால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும், தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். "ஒரு சுளை கூடவா?" என்று தினமும் கேட்கிறார்.

வடலி
ஞாயிறு, மாலை 6.40

ஒரு சுளையும் குடுக்காதேங்கோ. இவருக்கும் அதே மருந்துதான், இஞ்ச கடையில கிரேப்புரூட்டைக் கண்டா நான் வண்டிலைத் திருப்பிக்கொண்டு மற்றப் பக்கத்தால போயிடுவன். அம்மாவைத் தோடம்பழம் (ஆரஞ்சு) சாப்பிடச் சொல்லுங்கோ.

ஸ்லைடுக்காரன்
ஞாயிறு, இரவு 7.15

அந்த 1.9 வந்த அன்றைக்குப் போட்ட ஸ்லைடு இன்னும் லேபில் இருக்குமா? இருந்தால் ஒரு போட்டோ எடுத்துப் போடச் சொல்லுங்களேன். அந்த நீல நூலைப் பார்க்கணும்.

புளியமரத்தெரு
ஞாயிறு, இரவு 7.31

செவ்வாய் போகிறோம் அண்ணா. அந்தப் பையனைக் கேட்கிறேன்.